தலைகீழ்ப் பரீட்சை

தாம்பரம் தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷத்துக்கு மேல் மனு எழுத மேஜை போட்டு உட்கார்ந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. கீழ்க்கட்டளைப் பக்கம் குவாரியில் ஜல்லி உடைத்த கை இது. இந்தக் கை எழுதின மனுவைத் திருப்பி அனுப்பிய அதிகாரி இந்த வட்டாரத்தில் குறைவு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு இருக்கிறது, படுகிறேன். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தது, பீர்க்கன்கரணையில் வீடு கட்டியது, எல்லாம் ஒரு பேனாவால்.

இப்போது அந்த இடத்தில் நீங்கள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் மனு எழுதுவோர் சங்கத்து மலருக்கு அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டீர்கள். எந்த மனுவை எந்த வலைத்தளத்தில் ஏற்றுவது என்று உங்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிட மாட்டேன். எதிரில் வந்து உட்காரும் ஆளிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது, எப்போது நம் வாயை மூடிக்கொள்வது, இந்த மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்கு ஒரே ஒரு கேஸ் போதும்.

அதற்கு முன் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை ஒரு வரியிலாவது நினைக்க வேண்டும். டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. பெயரைப் போட்டால் திட்டுவார், அதனால் விட்டுவிடுகிறேன். நான் எழுதிய முதல் மனுவில், ஒரு விதவைக்காக, 'கண்ணீர்க் கடலில் தத்தளித்துக்கொண்டிருக்கும்' என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது? தாசில்தார் இன்னா நீச்சல் தெரிஞ்சவரா, குதிச்சுத் தூக்கியாறதுக்கு?"

நாலாகக் கிழித்துப் போட்டார்.

"அழுகைய எழுதாத. அந்தம்மா காலைல எழுந்ததுலேர்ந்து இன்னா வேலை செய்யுது, அத்த எழுது. படிக்கிறவன் அழுதா அழட்டும், அழாட்டி போட்டும்."

அன்றிலிருந்து நான் அழுகையை எழுதியதில்லை. இனி கேஸுக்கு வருகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அரசாங்க உதவித்தொகை வேண்டுமென்றால் முதலில் பிள்ளையை மருத்துவக் குழு பார்க்க வேண்டும். டாக்டர்கள் பிள்ளையைப் பார்த்து, பெற்றவர்களிடம் கேள்வி கேட்டு, பாதிப்பு இவ்வளவு சதவீதம் என்று சான்றிதழில் போடுவார்கள். அதற்கு ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே என்றால் உதவித்தொகைக்கு மனு போடலாம். கீழே என்றால் சான்றிதழ் கையில் இருக்கும், உதவித்தொகை இருக்காது.

ஒரு நாள் காலை ஒரு தம்பதி என் மேஜைக்கு வந்தார்கள். கணவன் குமரவேல், பெருங்களத்தூரில் கார் ஏ.சி. சரிபார்க்கும் சின்னக் கடை. மனைவி பிரேமா, முன்பு நர்சரி ஸ்கூல் டீச்சர், பிள்ளைக்காக வேலையை விட்டவர். பிள்ளை பெயர் கவின், ஏழு வயசு இருக்கும். கையில் ஒரு முழம் நைலான் கயிறு. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்துகொண்டு நின்றான். தலை வாரி, பவுடர் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, பார்க்க ராஜா மாதிரி இருந்தான்.

குமரவேல் முகமெல்லாம் சிரிப்பு. சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உதவித்தொகைக்கு எழுதணும்ணா. பையன் டாக்டருங்க கிட்ட பின்னிட்டான். ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்."

நான் சதவீதத்தைப் பார்த்தேன். கோட்டுக்கு நன்றாகவே கீழே.

"பாஸாயிட்டான்பா. அதான் பேஜாராப் போச்சு."

அவருக்குப் புரியவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னேன். உள்ளே போனதும் டாக்டர் 'உன் பேர் என்ன?' என்று பிள்ளையைக் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. நம் வீட்டில் யாராவது வந்தால், 'மாமாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டு' என்று பிள்ளையை முன்னால் தள்ளுவோமே, அந்தப் பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது.

"டேய் கவினு, டிரெயின் மாமா மாதிரி சொல்லு!"

கவினுக்கு மின்சார ரயில் அறிவிப்பு அத்துப்படி. ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் வருமே, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று, அதை அப்படியே, அதே குரலில், தாம்பரத்தில் ஆரம்பித்துக் கடற்கரை வரை ஒரு ஸ்டேஷன் விடாமல் சொன்னானாம். டாக்டர்கள் சிரித்துக் கை தட்டியிருக்கிறார்கள். 'பேச்சு தெளிவா இருக்கே, ஞாபக சக்தி நல்லா இருக்கே' என்றார்களாம். அதற்குப் பிறகு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் குமரவேல் 'செய்வான் சார்', 'வரும் சார்', 'தானாவே பண்ணிப்பான் சார்' என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பிரேமா பேசவே இல்லை.

"தம்பி, இது தலைகீழ்ப் பரீட்சை. தெரிஞ்சத சொன்னா மார்க் போவும். தெரியாதத சொன்னாத்தான் மார்க்கு" என்றேன்.

குமரவேல் சிரிப்பு நின்றது. "பெத்த புள்ளைய ஒண்ணுந் தெரியாதுன்னு எப்படிண்ணா சொல்றது, நாலு பேர் எதிர்ல?"

அவரைக் குறை சொல்லாதீர்கள். ஊரே பரீட்சையில் பாஸாவதற்கு ஓடுகிறது. எல்.கே.ஜி. சேர்க்கவே பிள்ளையைத் தயார் செய்து கூட்டிப்போகிற இடத்தில், ஃபெயிலாவதற்குத் தயார் செய்யுங்கள் என்று அவருக்கு யார் சொன்னது?

ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். கவினைப் பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஏ.சி. வேலை வராது, அதனால் ஒரு நாளாகக் குறைத்துவிட்டார்கள். அதையும் நிறுத்த வேண்டிய நிலைமை. இந்த உதவித்தொகை வந்தால்தான் தொடர முடியும். அந்த மையத்தில்தான் பிள்ளை ஒரு விஷயம் கற்றுக்கொண்டிருந்தான். தாகமெடுத்தால் டம்ளரை எடுத்து அம்மாவிடம் நீட்டுவது. பதினெட்டு ஸ்டேஷன் பெயர் சொல்கிற வாய்க்குத் 'தண்ணி' என்று கேட்கத் தெரியாது. டம்ளரை நீட்ட வைக்கவே ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. நிறுத்தினால் இதுவும் மறந்துபோகும் என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள்.

மறுபடி பரிசோதிக்கச் சொல்லி மேல்மனு போடலாம் என்றேன். அதற்குப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுத வேண்டும். பிரேமாவைப் பார்த்து, "சொல்லும்மா, காலைல எழுந்ததுலேர்ந்து" என்று பேனாவைத் திறந்தேன்.

"நல்லா இருக்காண்ணா."

"ராத்திரி தூங்குறானா?"

"தூங்குவான்."

"அடம் புடிப்பானா?"

"எல்லாப் புள்ளைங்க மாதிரிதாண்ணா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறந்து சொன்னால்தானே நான் எழுத முடியும்? "இப்படிச் சொல்லித்தாம்மா அங்க கோட்ட விட்டீங்க" என்றேன். அந்தம்மா கவினின் சட்டைக் காலரைச் சரி செய்தார். எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான், ஆளை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவேன். கூச்சப்படுகிற பெண், புருஷன் எதிரில் பேசமாட்டாள் என்று எடை போட்டேன். என் தராசு ஏமாந்த சில தடவைகளில் அது ஒன்று.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. பிரேமாதான். கவின் பயிற்சிக்கு உள்ளே போயிருக்கிறான், மையத்து மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றார். பிறகு நிறுத்தாமல் சொன்னார்.

வாசல் கதவுக்கு உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள், எட்டினால் லாரி ஓடும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடிவிடுவான். மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான், அந்த இடம் காய்த்துப்போயிருக்கிறது. வெளிக்கு இருந்தால் சொல்லத் தெரியாது, பார்த்துப் பார்த்துக் கழுவ வேண்டும். குளிப்பாட்டும்போது திமிறுவான், வளர்ந்துகொண்டே வருகிறான், அந்தம்மாவின் பலம் போதவில்லை. ஒரு தடவை காதுவலி. எங்கே வலிக்கிறது என்று காட்டத் தெரியாமல் இரண்டு நாள் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். காதிலிருந்து சீழ் வந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று அந்தம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

என் டைப்ரைட்டர் அக்கா சொன்னபடி, ஒரு சொட்டு அழுகை இல்லாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியில் கேட்டேன்.

"இத்தையெல்லாம் டாக்டர் கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா? நேத்து எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அவன் பக்கத்துலயே இருந்தாண்ணா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவனுக்குப் பேச்சுதான் வரல. காது நல்லா கேக்குது. எங்க மாமியார் யார்கிட்டயாவது அவனைப் பத்தி ஆரம்பிச்சா, எழுந்து பாத்ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவான். நான் எப்படிண்ணா அவன் முன்னாடியே சொல்லுவேன், என் புள்ளைக்கு இது வராது, அது வராதுன்னு?"

தம்பிகளே, தங்கச்சிகளே, முந்தின நாள் அந்தப் பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டுதான் நானும் கேள்வி கேட்டிருந்தேன். 'சரிம்மா, எழுதிட்டேன்' என்று போனை வைத்தேன்.

மேல்மனு ஏற்கப்பட்டு மறுபரிசோதனைக்குத் தேதி வந்தது. அதற்கு முன் குமரவேல் தனியாக என்னைத் தேடி வந்தார். முகம் சரியில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சுற்றும் ஒரு புரோக்கர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறான்.

"காலைல சோறு போடாத, உள்ள போறதுக்கு முன்னாடி கைல கீற கயித்தப் புடுங்கிடு, கத்தித் தரைல உருளுவான், டாக்டரு கண்ண மூடிகினு சதவீதம் போடுவாருன்றாண்ணா. செய்யலாமா?"

அவர் கண்ணில் ஆசை இருந்தது, பயமும் இருந்தது. பணம் கேட்டால் 'இல்லை' என்று சொல்வது சுலபம். வழி கேட்டு வருகிறவனிடம் சொல்வதுதான் கஷ்டம், ஏனென்றால் அந்த வழி ஒருவேளை பலிக்கும்.

"பலிக்கும்பா. நான் பலிக்காதுன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலம் வூட்டுக்குப் போயி அதே கயித்த அவங்கிட்ட நீட்டுவ. வாங்குவானா? நீ யாருன்னு நெனப்பான்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் உலகத்துல நம்பறது மூணு. அவங்கம்மா, நீ, அந்தக் கயிறு. மூணுல ரெண்ட ஒரே நாள்ல ஒழிச்சுட்டு உதவித்தொகை வாங்கி இன்னா பண்ணப் போற?"

"செய்யலண்ணா" என்றார். "நீங்க கூட வாங்க."

நான் மனு எழுதுவதோடு சரி, யாரோடும் போகிற வழக்கமில்லை. அன்று போனேன். மருத்துவக் குழு அறை வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். "நீ யாரு பெருசு?" "புள்ளையோட பெரியப்பா" என்று கூசாமல் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து, கதவோரம் நின்றுகொண்டேன்.

மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் என் மனுவைக் கையில் வைத்திருந்தார். நன்றாகத்தான் படித்திருக்கிறார், சில வரிகளின் கீழே கோடு இழுத்திருந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"எழுதினதை வச்சு நாங்க எதுவும் போட முடியாதும்மா. நீங்க உங்க வாயால சொல்லுங்க. தூக்கம் எப்படி?"

பிரேமா கவினைப் பார்த்தார். அவன் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"பரவால்லிங்க."

"டாய்லெட்?"

பிரேமா மறுபடி கவினின் காலரைச் சரி செய்தார். குமரவேல் உதட்டைக் கடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவரும் 'செய்வான் சார்' சொல்லவில்லை, ஆனால் 'செய்யமாட்டான்' என்று சொல்லவும் அவருக்கு நாக்கு வரவில்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

அந்த மனுவில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். கவினின் ரயில் அறிவிப்பு மாதிரி நிற்காமல் ஒப்பித்திருப்பேன். கலெக்டர் எதிரிலேயே பேசினவன், எனக்கென்ன தயக்கம்? வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அந்தப் பிள்ளை கயிற்றை ஆட்டுவதை நிறுத்தினான். தலை குனிந்தபடியே இருந்தது, கை மட்டும் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா வாயிலிருந்து வந்தால் அவன் காதில் விழும், என் வாயிலிருந்து வந்தால் விழாதா?

"சார், ஒரு நிமிஷம். பையன நான் வெளிய வச்சிருக்கேன். அப்பால அந்தம்மாவ கேளுங்க."

டாக்டருக்கு எரிச்சல். "பையனைப் பார்க்கத்தானே கூட்டிட்டு வரச் சொன்னோம்? வெளிய கொண்டுபோனா எதைப் பார்க்கிறது?"

"பையன பாத்துட்டீங்க சார். இப்ப அம்மாவ பாருங்க. அவன் எதிர்ல அவன் கொறைய அது சொல்லாது. போன தபாவும் அதான் நடந்தது."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த லேடி டாக்டர் பிரேமா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

பிரேமா தலையை மட்டும் அசைத்தார்.

"கூட்டிட்டுப் போங்க. கதவைச் சாத்திடுங்க" என்றார் லேடி டாக்டர்.

கவினை வெளியே கொண்டுவந்தேன். கயிறு அவன் கையிலேயே இருந்தது. ஆனால் கதவு சாத்தியதும் அம்மா கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அந்த வராந்தா முழுக்க அதிரும்படி ஒரு கத்தல். தரையில் விழுந்தான், எழுந்தான், கதவில் தலையை மோதினான். பிடிக்கப் போன என் கையைக் கடித்தான். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "செல்லு குடு பெருசு, அடங்கிடுவான்." "ஒண்ணு வுடு, சரியாப் பூடும்." எந்த அதிகாரியையும் பேசியே உட்கார வைக்கிற என்னால் ஏழு வயசுப் பிள்ளையை உட்கார வைக்க முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, அவன் தலைக்கும் கதவுக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்தேன். ஜல்லி உடைத்த கை, தாங்கும். அவன் மோதிக்கொண்டே இருந்தான், நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.

புரோக்கர் சொன்ன காட்சிதான் கடைசியில் நடந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கத்தல் உள்ளே கேட்டிருக்கும். டாக்டர்கள் சதவீதம் போட்டது அம்மாவின் பேச்சுக்கா, இவன் கத்தலுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சதவீதம் கோட்டுக்கு மேலே வந்தது, உதவித்தொகை கிடைத்தது, கவின் பயிற்சி மையத்தில் தொடர்ந்தான். அதற்குப் பிறகு இப்படிப் பிள்ளையோடு வருகிற யாரிடமும் நான் பிள்ளையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதில்லை. 'நீ முதல்ல புள்ளைய யார்கிட்டயாவது வுட்டுட்டு வா, இல்லாங்காட்டி போன்ல சொல்லு' என்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வரிசை நிற்கட்டும். குழுவுக்குப் போவதற்கு முன்பே, 'நான் பேசும்போது பிள்ளை வெளியே இருக்க அனுமதி வேண்டும்' என்று மனுவின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கேட்பது நம் வேலை.

அன்றைய வராந்தாவுக்குத் திரும்பி வருகிறேன். கதவு திறந்தது. முதலில் குமரவேல் வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாதி எனக்கே தெரியாதுண்ணா" என்றார். "நான் கடைக்குப் போய்டறேன் இல்ல. காலைலேர்ந்து இன்னா நடக்குதுன்னு பாதி எனக்கே தெரியாது."

பின்னாலேயே பிரேமா. அம்மாவைப் பார்த்ததும் கவினின் கத்தல் விக்கலாகக் குறைந்தது. அந்தம்மா தரையில் உட்கார்ந்து, முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்து, மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன சொன்னார்கள், எத்தனை போடுவார்கள், எதையும் சொல்லவில்லை. என் பக்கம் குனிந்து, மிக மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, நான் உள்ள பேசினது வெளிய கேட்டுச்சா?"

"எது?"

"அவனைப் பத்தி சொன்னது. அவனுக்குக் கேட்டிருக்குமா?"

"ஒரு வார்த்தை கேக்கலம்மா. அவன் போட்ட சத்தத்துல பக்கத்துக் கட்டடத்துக்கே ஒண்ணும் கேட்டிருக்காது."

முதல் முறையாக அந்தம்மா சிரித்ததைப் பார்த்தேன். கடிபட்ட கையை நான் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குரலை உயர்த்தி, மடியில் கிடந்தவன் காதில் நன்றாக விழும்படி சொன்னார்:

"மாமாவோட சமத்தா இருந்தான், என் புள்ள."

நானும் சத்தமாகவே சொன்னேன்.

"ரொம்ப சமத்து."